வாளிக்குள் ஒரு குற்றம்

இந்தச் சம்பவம் நடந்த அன்று வெயில் அடித்ததா, தூறல் போட்டதா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் கையில் குடை இருந்தது நிச்சயம். ஆனால் அவர் வெயிலுக்கும் குடை பிடிப்பார், மழைக்கும் பிடிப்பார், இரண்டும் இல்லாத நாளில் முன்னெச்சரிக்கையாகவும் பிடிப்பார். குடையை நம்பி ஒரு முடிவுக்கு வர இயலாது. யார் எந்த வார்த்தையை முதலில் சொன்னார்கள் என்பதிலும் குழப்பம் உண்டு. கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எறும்புகள் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதால், எறும்புகளை நம்பித்தான் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்கிறது.

காகித ஆலையின் வாசலில் துப்பறிவாளரும் அவருடைய உதவியாளனும் வந்து இறங்கினார்கள். உதவியாளன் துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. வாய் ஓயாமல் பேசுவதால் அக்கா சிறு வயதில் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது. வேலை நேரத்தில் ‘அத்தான்’ என்று கூப்பிடக் கூடாது, ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. ரேடியோ அதை வாரத்தில் பாதி நாள் மறந்துவிடுவான்.

துப்பறிவாளர் நேர் எதிர். ஊமைக்கோட்டான். அவர் பேசாமல் இருக்கும் விதங்களை ரேடியோ தரம் பிரித்து வைத்திருந்தான். பசி மௌனம் ஒன்று. அக்காவோடு சண்டை போட்ட மௌனம் ஒன்று. பேச்சைக் கேட்காமலே தலையாட்டும் மௌனம் ஒன்று. நாலாவதாக ஒன்று உண்டு. அதற்கு அவனால் பெயர் வைக்க முடிந்ததில்லை. அந்த மௌனம் வரும்போது அவனுக்குத் தன் குரலே சத்தமாகக் கேட்கும். இவ்வளவு பேசி நாம் எதை மூடி வைக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றும். உடனே வேறு ஏதாவது பேசி அதையும் மூடிவிடுவான்.

ஆலை மேனேஜரின் அறையில் ஈரக் காகித வாசனை அடித்தது. மேஜை மேல் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் கண்ணாடி போலத் தண்ணீர். இன்னொன்றில் கடும் பழுப்பு.

“ரெண்டும் ஒரே தண்ணிதான்” என்றார் மேனேஜர்.

“இதுல எது அண்ணன், எது தம்பி?” என்றான் ரேடியோ.

மேனேஜர் சிரிக்கவில்லை. “மரக்கூழ் கழுவின தண்ணி பழுப்பாத்தான் வரும். மரத்தோட சாயம் அது. முதல்ல பெரிய தொட்டியில தேக்கி, கிருமிங்களை விட்டு அழுக்கைத் தின்ன வைப்போம். அதுங்க மிச்சம் வைக்கிறதுதான் இந்தப் பழுப்பு. இதுக்காகவே எங்க கெமிஸ்ட் அம்மா முதலாளியை வருஷக்கணக்கா நச்சரிச்சு, அல்ட்ரா வயலட் விளக்கு வாங்க வச்சாங்க. அந்த விளக்குல போனா தண்ணி வெளுத்துடும்னாங்க.”

“வெளுத்துச்சா?”

“அவங்க பிடிக்கிற பாட்டில்ல வெளுத்திருக்கு. மாசு அதிகாரி பிடிச்சுட்டுப் போற பாட்டில்ல பழுப்பு. அரசாங்க லேப்ல தண்ணி தேறலைன்னு திரும்பத் திரும்ப ரிப்போர்ட் வருது. இன்னிக்கு அதிகாரி மறுபடி வர்றார். இதுவும் பழுப்புன்னு போச்சுன்னா, நாளைக்கே விளக்கையெல்லாம் கழட்டி வித்துட்டு, கெமிஸ்ட் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுன்னு முதலாளி சொல்லிட்டார். யாரோ விளக்கை அணைக்கிறாங்க சார். யாருன்னு கண்டுபிடிங்க.”

கேன்டீன்காரர் தட்டோடு வந்தார். “பால் இல்லாத டீ. இது மட்டும் மேனேஜர் ஐயாவுக்கு. சர்க்கரை வியாதி, சீனி போடலை.”

துப்பறிவாளர் டீயைக் குடித்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. மேனேஜருக்கு வியர்த்தது.

“சார் இப்படித்தான்” என்று ரேடியோ சமாதானம் சொன்னான். “கேள்வி கேட்கிற வேலை என்னுது. பதில் சொல்ற வேலை உங்களுது. சார் சும்மா இருப்பார்.”

கெமிஸ்ட் தன் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. வெள்ளைக் கோட்டின் கைகள் முழங்கை வரை மடிக்கப்பட்டிருந்தன. இருவருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்.

“நேரா பார்க்காதீங்க. கண்ணு போயிடும்.”

“எங்க அக்காவைப் பத்திக் கல்யாணத்துக்கு முன்னாடி அத்தானுக்கு யாரும் இப்படி எச்சரிக்கை கொடுக்கலை” என்றான் ரேடியோ.

“சார்” என்றார் துப்பறிவாளர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“சாருக்கு” என்று ரேடியோ திருத்திக்கொண்டான்.

கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்கு எஃகுக் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சின்னக் கண்ணாடி ஜன்னல். உள்ளே நீல ஒளி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து டிரம்மிலிருந்து ஒரு மெல்லிய பைப், சொட்டுச் சொட்டாக எதையோ குழாய்க்குள் விட்டது.

“அது பெராக்சைடு” என்றார் கெமிஸ்ட். “காயத்துக்குப் போடுவாங்களே, நுரைக்குமே, அதேதான். அது மேல இந்த வெளிச்சம் பட்டா உடைஞ்சு ரவுடிங்களா மாறிடும். கண்ணுக்குத் தெரியாத ரவுடிங்க. பிறந்த உடனே யாரையாவது கடிக்கணும். மரச் சாயத்தைக் கடிக்கும், சாயம் துண்டு துண்டாப் போகும். கடிச்ச கையோட அதுவும் ஒழிஞ்சுடும்.”

“எங்க சித்தப்பா பசங்க மாதிரி. ஆனா அவனுங்க ஒழியலை.”

கெமிஸ்டின் உதடு லேசாகக் கோணியது. அன்று அவர் சிரிப்புக்கு அவ்வளவுதான் கிட்டே போனார். கடைசிக் குழாயின் அடியில் இருந்த திருகைத் திறந்து ஒரு பீக்கரில் பிடித்துக் காட்டினார். தண்ணீருக்குப் பின்னால் அவருடைய கைரேகை தெரிந்தது.

“விளக்கு எரிஞ்ச நேரத்தைக் காட்டுற மீட்டர் அதோ இருக்கு தம்பி. போட்ட நாள்ல இருந்து அது நிக்கவே இல்லை. யாரும் அணைக்கலை. என் பொண்ணு கேலி பண்றா, அம்மா விளக்கைக் கல்யாணம் கட்டிக்கிட்டான்னு. அப்படிப் பார்த்துக்கிட்டேன் இதை. இப்ப என்னையே திருடின்னு சொல்றாங்க. வீட்டுக் குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ஏமாத்துறேனாம்.”

“அதிகாரி தண்ணி பிடிக்கும்போது நீங்க கூட இருந்திருக்கீங்களா அக்கா?”

“விட்டாத்தானே. அதிகாரி வர்ற அன்னிக்கு நான் லேப்ல உட்கார்ந்து போன் எடுக்கணும்னு மேனேஜர் உத்தரவு. போனே வராது. நானும் போனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருப்போம்.”

துப்பறிவாளர் பீக்கரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோ அந்த மௌனத்தை எடை போட்டுப் பார்த்தான். பசி இல்லை. சண்டை இல்லை. நாலாவதுதான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

தண்ணீர் ஆலையை விட்டு வெளியேறும் வாய்க்கால், மதிலோரம் பத்துப் பதினைந்து படி கீழே ஓடியது. படியெல்லாம் பாசி. அதிகாரிக்கு முழங்கால் வலி, குனியவும் மாட்டார், இறங்கவும் மாட்டார். ஆகவே அவர் வருவதற்கு முன்பே ஒரு வாளி தண்ணீர் மொண்டு, மேலே தகரக் கூரைக்கு அடியில் உள்ள திண்டின் மேல் வைத்துவிடுவது இந்த ஆலையின் மரியாதை. வாளி அன்றும் தயாராக இருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

“இங்கேயும் சுத்தமாத்தான் வருது” என்றான் ரேடியோ. “அப்ப இந்த வாளிக்கும் அரசாங்க லேபுக்கும் நடுவுலதான் தண்ணி கெட்டுப் போகுது. சகவாசம் சரியில்லை.”

துப்பறிவாளர் திண்டைச் சுட்டிக்காட்டினார். வாளிக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு கறை. கறையைச் சுற்றி எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒரு சாரி மதிலிலிருந்து வந்தது, ஒரு சாரி மதிலுக்குப் போனது. கல்யாண வீட்டு வாசல் மாதிரி கூட்டம்.

“மரச் சாயத்தை எறும்பு தேடி வருமா?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“வராது.”

“நக்கிப் பாரு.”

ரேடியோ அவரையே பார்த்தான். “சார், நான் உங்களுக்கு மச்சினன். அக்காகிட்ட திரும்ப ஒப்படைக்க வேண்டிய பொருள்.”

துப்பறிவாளர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாத இடங்களில் வேறு வழியே இருக்காது. ரேடியோ எறும்புகளை ஊதித் தள்ளி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

“இனிக்குது அத்தான்.”

“சார்.”

“இனிக்குது சார். டீ. நல்லா சீனி போட்ட டீ.”

பக்கத்தில் பழைய காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். இருவரும் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ரேடியோ பேசாமல் இருக்க முயன்றதில் அவனுக்கு விக்கல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்கினான். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

மேனேஜர் வந்தார். கையில் ஒரு டம்ளர். இருபுறமும் பார்த்தார். டம்ளரை வாளிக்கு மேலே சாய்த்தார்.

“ஒரு வாய் எங்களுக்கும் வைங்க” என்றான் ரேடியோ, கட்டுக்குப் பின்னாலிருந்து.

டம்ளர் கீழே விழுந்து உருண்டது. டீ மண்ணில் போனது. மேனேஜர் அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் கெட்டவன் இல்லை” என்றார்.

“யாரும் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரலை. ஏன் ஊத்துறீங்க?”

“விளக்கு போட்ட புதுசுல அதிகாரி வந்து தண்ணியைப் பார்த்தார். வாளியைச் சுத்திச் சுத்தி வந்தார். எத்தனையோ வருஷமா பழுப்பையே பார்த்தவர் தம்பி அவர். முதல் தடவை ஒண்ணும் சொல்லாம பிடிச்சுட்டுப் போனார். அடுத்த தடவை என்னைத் தனியா கூப்பிட்டு, ‘இது உங்க தண்ணியே இல்லை, இப்படித் தண்ணி உங்க ஆலையில இருந்து வராது, ஒழுங்கான தண்ணியைக் காட்டுங்க’ன்னுட்டார். நான் என்ன பண்ணுவேன்? சுத்தமா இருந்தா ஏமாத்துன்னு கேஸ் போடுவார். அதான் நம்புற மாதிரி ஒரு சாயல் கொடுத்தேன். ஒரே ஒரு டம்ளர். லேசா மஞ்சள் தட்டும், அவ்வளவுதான்.”

“அதனாலதான் கெமிஸ்ட் அக்காவைப் போனுக்குக் காவல் வச்சீங்களா?”

“அவங்க பார்த்தா என்னை அந்த வாளியிலேயே முக்கிடுவாங்க.”

ரேடியோ துப்பறிவாளரைப் பார்த்துத் திரும்பினான். “கேஸ் முடிஞ்சது சார். குற்றவாளியே நம்மளைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, தன்னைப் பிடிக்கச் சொல்லியிருக்கார். இப்படி ஒரு வாடிக்கையாளர் மறுபடி அமைய மாட்டார்.”

“அதுதானே எனக்கும் புரியலை” என்றார் மேனேஜர், அழுகிற குரலில். “நான் ஊத்துறது ஒரு டம்ளர். ரிப்போர்ட்ல வர்றது ஒரு பிளாஸ்க் அளவுக்குப் பழுப்பு. என் அளவு எனக்குத் தெரியாதா? வேற யாரோ எனக்கு மேல ஊத்துறாங்க. அவனைப் பிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்.”

ரேடியோவுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இது அவனுக்கு அபூர்வமாக நடப்பது. மூன்று பேரும் வாளியையே பார்த்தார்கள். வாளியில் ஆகாயம் தெரிந்தது. தான் செய்த தப்பை இவ்வளவு நாணயமாக அளந்து வைத்திருக்கும் ஒரு மனிதரைக் கேலி செய்யவும் அவனுக்கு மனம் வரவில்லை.

துப்பறிவாளர் மெல்லச் சொன்னார். “உங்க டீயில சீனி கிடையாது.”

மேனேஜர் எறும்புகளைப் பார்த்தார். ரேடியோவும் பார்த்தான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதற்குள் மதிலுக்கு அப்பால் ஜீப் நின்றது.

மாசு அதிகாரி குடையோடு வந்தார். ஒரு தோளில் சாம்பிள் பெட்டி. இன்னொரு தோளில் பிளாஸ்க். வாளியை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

“இன்னிக்கு ரொம்ப சுத்தமா இருக்கே” என்றார், உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பது போல. பெட்டியைக் கறைக்குப் பக்கத்தில் வைத்தார். “சரி. எல்லாரும் சுவர் பக்கம் திரும்புங்க. சாம்பிள் எடுக்கிறப்ப யாரும் பார்க்கக் கூடாது.”

மேனேஜர் பழக்கத்தில் திரும்பிவிட்டார். அந்த ஆலையில் எல்லோரும் அப்படித்தான். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ரேடியோவும் ஏனோ திரும்பினான். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் காதை வைத்தான். ஒரு சத்தமும் இல்லை. மூடி திறக்கும் சத்தம்கூட இல்லை.

கடைசியில் அவன் திரும்பிப் பார்த்தான்.

துப்பறிவாளர் திரும்பவே இல்லை. அதிகாரிக்கு எதிரில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரையே பார்த்தபடி நின்றிருந்தார். அதிகாரி பாட்டிலை வாளியில் முக்கி எடுத்துவிட்டிருந்தார். அடுத்த வேலையைத் தொடங்க முடியாமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க திரும்பலையா?” என்றார் அதிகாரி.

மௌனம்.

“விதி இருக்கு சார்.”

மௌனம் நீண்டது. வாய்க்காலின் சத்தம் பெரிதாகக் கேட்டது. நாலாவது மௌனத்தை வெளியிலிருந்து ரேடியோ பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் அது தன் மேல் விழுவதாகவே நினைத்திருந்தான். இப்போது பார்த்தால், அந்த மனிதர் யாரையும் அதட்டவில்லை. எதிரில் இருப்பவர் தன் பேச்சைத் தானே கேட்பதற்கு இடம் விட்டு நின்றார், அவ்வளவுதான்.

ஒரு எறும்பு அதிகாரியின் பிளாஸ்க் பட்டை மேல் ஏறியது. பின்னால் இன்னொன்று ஏறியது.

“டீக்கு எத்தனை ஸ்பூன் சீனி போடுவீங்க?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“மூணு” என்றார் அதிகாரி. சொன்ன பிறகு தன் தோளைப் பார்த்தார். பாட்டிலை மெல்லத் திண்டின் மேல் வைத்தார். குடையை மடக்கினார்.

“எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு” என்றார். “விளக்கு வந்த பிறகு முதல் தடவை இந்தத் தண்ணியை அப்படியேதான் கொண்டு போனேன். எங்க லேப் தலைவர் பாட்டிலைத் திருப்பி அனுப்பிட்டார். ‘ஆலைக்குப் போகாமலே வீட்டுக் குழாய்ல பிடிச்சுட்டு வந்தீங்களா’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். வேலை பார்க்காதவன்னு ஒரு நாளும் பேர் வாங்கினதில்லை நான். அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அதுக்கப்புறம் பாட்டில்ல கொஞ்சம் டீ. நான் நிஜமாவே வந்துட்டுத்தான் போனேன்னு அவர் நம்பணுமே.”

“அப்ப நான் ஊத்தினதும் நீங்க ஊத்தினதும்...” என்றார் மேனேஜர்.

“நீங்களுமா?” என்றார் அதிகாரி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ அங்கே நிற்கவில்லை. லேபுக்கு ஓடினான். கெமிஸ்ட் போனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க அக்கா. போனை அதுவே பார்த்துக்கும்.”

கெமிஸ்ட் வந்து எல்லாவற்றையும் கேட்டார். கத்தவில்லை. கோட்டுக் கையை மட்டும் இன்னொரு மடிப்பு மடித்தார்.

“அதாவது என் விளக்கு ஒழுங்கா எரிஞ்சது. அதுதான் என் தப்பு.”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா” என்றார் அதிகாரி. “நான் இன்னிக்கு இதை அப்படியே கொண்டு போறேன். ஆனா அவர் திருப்பித்தான் அனுப்புவார். இதை யாரும் நம்ப மாட்டாங்க. நானே இன்னும் முழுசா நம்பலை.”

துப்பறிவாளர் கெமிஸ்டைப் பார்த்தார். கெமிஸ்ட் கொட்டகையைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

அதிகாரி அந்தக் கொட்டகைக்குள் காலடி வைத்தது அன்றுதான் முதல் முறை. வாளி மேலேயே வந்துவிடுவதால் அவருக்கு அங்கே வேலையே இருந்ததில்லை. வாருங்கள் என்று கூப்பிடவும் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீல ஜன்னல்களுக்கு நடுவில் பயந்த பிள்ளை மாதிரி நின்றார். கெமிஸ்ட் சுவரில் இருந்த பெரிய சுவிட்சில் கை வைத்தார். உடனே அழுத்தவில்லை. போட்ட நாளிலிருந்து அணையாத விளக்கு. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அழுத்தினார். நீலம் போனது.

  குழாய்களுக்குள் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் திருகின் அடியில் வைத்த பீக்கரில் முதலில் தெளிவாக விழுந்தது. பிறகு லேசாக மஞ்சள் கலந்தது. பிறகு நல்ல பழுப்பு.

“இதுதான்” என்றார் அதிகாரி.  “இதுதான் உங்க தண்ணி. எனக்குத் தெரியும் இதை.”

“அதையும் ஒரு பாட்டில்ல பிடிங்க” என்றார் கெமிஸ்ட். பிடித்ததும் விளக்கைப் போட்டார். ஒளி முழுதாக ஏறும் வரை காத்திருந்தார்கள். பீக்கரில் பழுப்பு வெளிறி, மஞ்சளாகி, கடைசியில் ஒன்றுமே இல்லாததாக ஆனது. “இப்ப இதை இன்னொரு பாட்டில்ல. ரெண்டுக்கும் உங்க கையாலேயே சீல் வைங்க. ஒண்ணா கொண்டு போங்க. தனியாப் போனா நல்ல தண்ணியை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அழுக்கையும் கூடவே அனுப்பினா நம்புவாங்க.”

அதிகாரி சீல் வைத்தார். பிறகு லேப் போனிலிருந்தே தன் தலைவரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் அறை முழுவதும் கேட்டது.

“அழுக்குத் தண்ணியும் இருக்கா? முன்னாடியே அதைச் சொல்லியிருக்கக் கூடாதா ஐயா? எடுத்துட்டு வாங்க.”

தண்ணீர் தேறிவிட்டது. விளக்குகளை விற்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு குழாய்கள் வாங்கிப் போட்டார்கள். லேப் தலைவர் ஒரு முறை நேரில் வந்து பார்த்துவிட்டு, தாம் ஆரம்பத்திலேயே நம்பியதாக எல்லோரிடமும் சொன்னார். மாசு அதிகாரி தம் பெயருக்கு ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு பெற்று, மகன் வீட்டுக்கே போய்விட்டார். மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். அதிகாரிகள் வரும் நாட்களில் லேபில் போனைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு வந்தது. துப்பறிவாளரும் ரேடியோவும் அடுத்த வாரமே வேறு ஊருக்கு, காணாமல் போன ஒரு கடிகாரத்தைத் தேடிப் போனார்கள். அது கிடைக்கவில்லை. கெமிஸ்ட் கழிவுநீர்ப் பிரிவு முழுவதற்கும் தலைவியானார். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பேரப் பிள்ளைகள் பிறந்தார்கள். இப்போதும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.